பூமிகாவுக்கு ஒரு குடம்

மகளுக்கு இரண்டாவது சடையைப் பின்னிக்கொண்டிருந்தபோதுதான் ஜோதிலட்சுமி அந்த லாரியைப் பார்த்தாள். தெருமுனையில் திரும்பி, தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. டேங்கர் முழுக்கப் புது நீல பெயிண்ட். நடுவில் வெள்ளை எழுத்தில் ‘குடிநீர்’. பெயிண்ட் புதுசுதான். ஆனால் அந்த நசுங்கிய இடது மூலையும், பம்பரை இழுத்துக் கட்டியிருந்த பச்சை நைலான் கயிறும் அவளுக்குத் தெரியாததல்ல. பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“ம்மா, வலிக்குது. இன்னாத்துக்கு முடிய இப்டி இழுக்கற?” என்றாள் பூமிகா.

ஜோதிலட்சுமி தேர்வாய் கண்டிகையில் மலர்நிலா சோப்பு கம்பெனியில் பேக்கிங் லைனில் வேலை செய்தாள். நான்கு வருடமாகக் கான்ட்ராக்ட். அவள் நிற்கும் இடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் கம்பெனியின் பின்கேட் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் அந்தக் கேட்டுக்கு வருவது இதே லாரிதான். சோப்பு காய்ச்சி மிச்சமான கழிவுத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போகும். ஏற்றும்போது ஜன்னலை மூடச் சொல்வார்கள். மூடினாலும் சாயங்காலம் வரைக்கும் கண் எரியும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

அந்த லாரி இப்போது அவர்கள் ஊர்த் தொட்டிக்குள் குழாயை விட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நாவல்கண்டிகையில் அந்தத் தொட்டியைக் கட்டிக் கொடுத்ததும் கம்பெனிதான். அன்றைக்கு வந்த போட்டோகிராபர், மஞ்சள் கவுனும் இரட்டைச் சடையுமாக இடுப்பில் குடத்தோடு சிரித்துக்கொண்டு நின்ற பத்து வயசு பூமிகாவைப் படம் பிடித்துக்கொண்டு போனார். மூன்றாம் மாதம் அந்தப் படம் சோப்பு உறையில் வந்தது. கீழே ஒரு வரி: ‘நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சோப்பும் பூமிகாவுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்.’ அப்போதெல்லாம் ஜோதிலட்சுமிக்குப் பெருமை தாங்கவில்லை. லைனில் தன் மகள் முகம் ஆயிரக்கணக்கில் ஓடும். அவளே எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்குவாள். அந்த உறையைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள், விற்பனை ஏறிவிட்டது என்று சூப்பர்வைசர் சொன்னார்.

ஐந்தாம் மாதம் மோட்டார் எரிந்துபோனது. யாரும் வந்து பார்க்கவில்லை. ஊர் பழையபடி கேன் தண்ணீருக்குப் போனது. உறை மட்டும் மாறவில்லை.

இன்றைக்கு அந்த சோப்பை வாங்கும் பத்துப் பேரைக் குலுக்கலில் எடுத்து, ஏசி பஸ்ஸில் ஏற்றி, தாங்கள் செய்த நல்ல காரியத்தைக் கண்ணால் பார்க்கக் கூட்டிவருகிறார்கள். அதற்காகத்தான் பூமிகாவுக்கு அதே மாதிரி மஞ்சள் கவுன், பன்னிரண்டு வயசு அளவுக்குப் புதிதாகத் தைத்து வந்திருந்தது. அதற்காகத்தான் தொட்டியில் தண்ணீரும்.

சடையை அப்படியே விட்டுவிட்டு ஜோதிலட்சுமி எழுந்து ஓடினாள்.

டிரைவர் முனுசாமி குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியபாளையத்துக்காரர். பின்கேட்டில் பலமுறை பார்த்த முகம். அவளைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“ண்ணா, இது அந்த லாரிதானே?”

“மெதுவா பேசும்மா.”

“இன்னாண்ணா இது? கொழந்தைங்க குடிக்கற தண்ணி!”

“நல்ல தண்ணி லாரி வழியில பிரேக்டவுன் ஆயிக்கினு நிக்குது. கான்ட்ராக்டர் இத எடுத்துக்கினு போன்னாரு. ராத்திரியோட ராத்திரியா பெயிண்ட்ட அடிச்சாங்க. ரெண்டு தடவ அலசினோம்மா.”

“ரெண்டு தடவ அலசினா போயிடுமா?”

முனுசாமி குழாயை இன்னும் உள்ளே தள்ளினார். தண்ணீர் தொட்டிக்குள் ஏறிக்கொண்டே இருந்தது.

கம்பெனியின் ஊர்நலப் பணிகளைக் கவனிக்கும் சி.எஸ்.ஆர். அதிகாரி சரவணகுமார் பள்ளிக்கூட வாசலில் நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தான். முப்பது வயசு இருக்கும். நல்லவன் என்றுதான் ஊரில் பேர். ஜோதிலட்சுமி அவனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. கைபேசியை எடுத்து யாரிடமோ ஐந்து நிமிடம் தள்ளி நின்று பேசினான். திரும்பி வந்தபோது கழுத்தெல்லாம் வியர்வை.

“அக்கா, பயப்படாதீங்க. லாரி கிளீன்தானாம். சொல்லிட்டாங்க.”

“யாரு சார் சொன்னது? நானே கண்ணால பாக்கறேனே வாரத்துக்கு ரெண்டு தபா.”

“இல்லக்கா, இது வெறும் போட்டோவுக்குத்தான். ஆளுக்கு ஒரு வாய். ஒண்ணும் ஆகாது.” பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான்: “அன்புராஜ் அண்ணன் பேரு கன்ஃபர்ம் பண்ற லிஸ்ட்டுல இருக்கு இல்ல? இந்த மாசம்தானே? இன்னைக்கு எம்.டி. ஆபீஸ்லருந்து ஆள் வராங்க. நல்லபடியா முடிச்சிடலாம்கா.”

அன்புராஜ் அவள் புருஷன். அதே கம்பெனியில் பாய்லரில் ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட். அவனுக்குப் போன் போட்டாள். பின்னால் பாய்லர் இரைச்சல்.

“வாய மூடிக்கினு இரு ஜோதி. நம்மளுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?”

“பூமி குடிக்கப் போவுதுங்க அத.”

“குடிக்கற மாதிரி நடிக்கச் சொல்லு,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவளுக்கும் அதுதான் தோன்றியது. மகளைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போய்க் காதில் சொன்னாள். “வாய்ல வெச்சிக்க, உள்ள வுடாத. ஒதட்ட இறுக்கி மூடிக்க. சொல்றது புரியுதாடி?”

“போம்மா. தொண்ட அசையணும், அப்பதான் குடிக்கற மாதிரி இருக்கும்னு போட்டோ அண்ணன் சொல்லிச்சு.” இரண்டு வருடமாகக் கேமராவுக்கு நின்று பழகிய பிள்ளை. தன் வேலையைச் சரியாகச் செய்யவேண்டும் என்பதுதான் அதன் கவலை.

“கேமரா கிடக்கு. குடிச்ச, தோல உரிச்சிடுவேன்.”

பூமிகா பயந்துபோய்த் தலையாட்டினாள். அம்மா ஏன் இப்படி நடுங்குகிறாள் என்று அதற்குத் தெரியவில்லை.

பஸ் கும்மிடிப்பூண்டி தாண்டிவிட்டது, இன்னும் முப்பது நிமிடம் என்று செய்தி வந்தது. போட்டோகிராபர் ஒத்திகை பார்க்கவேண்டும் என்றார். பதினொரு எவர்சில்வர் டம்ளர் ஒரு மேஜையில் பளபளவென்று இருந்தது. வருகிறவர்கள் ஆளுக்கொன்றாகக் குழாயில் பிடித்து, பூமிகாவோடு சேர்ந்து ஒரே நேரத்தில் குடிக்கவேண்டும். அதுதான் படம்.

“பாப்பா, நீ ஒரு தடவை செஞ்சு காட்டு.”

பூமிகா குழாயைத் திறந்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் விழுந்தது. டம்ளரை உயர்த்தி உதட்டில் வைத்தாள். ஜோதிலட்சுமி பத்தடி தூரத்தில் நின்று மகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை அசைந்தது.

ஓடிப்போய் டம்ளரைத் தட்டிவிட்டாள். அது தரையில் உருண்டது. “துப்பு! துப்புடீ!”

“நான் குடிக்கலம்மா! சும்மா எச்சி முழுங்கினேன்!” பூமிகா அழ ஆரம்பித்தாள். உதடு நனைந்திருந்தது. ஜோதிலட்சுமி முந்தானையால் அந்த உதட்டைத் தோல் சிவக்கிறமாதிரி துடைத்தாள். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். சரவணகுமாரும் பார்த்தான். “டென்ஷன் ஆயிட்டாங்க. டச்-அப் பண்ணிடலாம்,” என்று போட்டோகிராபரிடம் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் பயமுறுத்தியது.

மகள் குடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வருகிற பத்துப் பேர்? அவர்கள் யாருக்கும் இது தெரியாது. உறையில் சிரிக்கும் இந்த முகத்தை நம்பித்தான் வருகிறார்கள். இந்த முகம் டம்ளரை வாயில் வைத்தால் அவர்களும் வைப்பார்கள். பெற்றவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

தொட்டியின் அடியில், பின்பக்கம், கழுவிவிடும் வால்வு ஒன்று இருந்தது. அது எங்கே இருக்கிறதென்று ஜோதிலட்சுமிக்குத் தெரியும். தொட்டி வந்த புதிதில் மகளிர் குழுவில் நான்கு பேருக்கு அதைக் கழுவப் பயிற்சி கொடுத்தார்கள், அவளும் ஒருத்தி.

யாரும் பார்க்காமல் பின்னால் போனாள். அதாவது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். வால்வு துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு கையாலும் திருகினாள். அசையவில்லை. உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு மறுபடி திருகினாள். இந்த வயசில் இப்படித் திருட்டுத்தனமாகக் குந்திக்கொண்டிருக்கிறோமே, பிடித்தால் போலீஸில் கொடுத்துவிடுவார்களே, புருஷன் வேலை போய்விடுமே என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே கிடந்த அரைச் செங்கல்லால் இரண்டு தட்டு தட்டினாள்.

நிமிர்ந்தபோது முனுசாமி நின்றிருந்தார். கையில் சுருட்டிய குழாய். அவள் கையையும் பார்த்தார், வால்வையும் பார்த்தார்.

ஜோதிலட்சுமி செங்கல்லைக் கீழே போட்டாள்.

முனுசாமி திரும்பி, லாரிக்கு அந்தப் பக்கமாகப் போய் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

அடுத்த திருகில் வால்வு விட்டுக்கொடுத்தது. தண்ணீர் பீறிட்டு வந்து அவள் காலில் மோதியது. எழுந்து ஓடி, பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் கல்லில் விழுந்து தெருவில் இறங்கியது.

அப்போதுதான் அவள் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் நுரைத்தது. முதலில் சோற்றுக் கஞ்சி பொங்குகிறமாதிரி. பிறகு முழங்கால் உயரத்துக்கு வெள்ளைவெளேரென்று எழும்பிக் தெருவோரக் கால்வாய் முழுக்க அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. சின்னப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு அதில் குதிக்க ஓடினார்கள். பெண்கள் பிள்ளைகளைத் திட்டி இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஏசி பஸ் வந்து நின்றது.

இறங்கியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பையன் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்து நுரைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தான். சரவணகுமார் கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தான். “வாங்க வாங்க! நீங்க வரீங்கன்னு டேங்க்க சோப்பு போட்டு கழுவினோம். ஹைஜீன் முக்கியம் இல்லையா?”

அது நம்பும்படியாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். சுவருக்குப் பின்னால் ஜோதிலட்சுமிக்குப் பாதி உயிர் திரும்பியது. தண்ணீர் போய்விட்டது, யாரும் குடிக்கவில்லை, இவன் சமாளித்துவிட்டான். இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

வந்தவர்களில் ஒரு பெண் மட்டும் குனிந்து விரலில் நுரையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். முகம் மாறியது.

“தாழம்பூ வாசனை,” என்றாள். “எங்க வீட்டு பாத்ரூம்ல தினமும் வர்ற வாசனை. ஆனா கூட வேற ஏதோ நெடியும் இருக்கே. கண்ணு எரியுது.”

அவள் பெயர் கிறிஸ்டினா. அம்பத்தூரில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். பூமிகாவைக் கண்டதும் போய்க் கட்டிக்கொண்டாள். “உன் படத்துக்காகத்தான்மா ரெண்டு வருஷமா இதையே வாங்கறேன். எங்க பசங்க கிட்டயும் சொல்லி, அவங்க வீட்லயும் இதான்.” அழுது வீங்கியிருந்த கண்ணைப் பார்த்துவிட்டு, “ஏன் அழுத?” என்று கேட்டாள். பூமிகா, சுவருக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தது. எல்லார் பார்வையும் சுவர்ப் பக்கம் திரும்பியது.

ஜோதிலட்சுமி வெளியே வரவேண்டியதாயிற்று. முழங்கால் வரைக்கும் புடவை நனைந்திருந்தது. சரவணகுமாரின் பார்வை அந்த ஈரத்தில் போய் நின்றது.

“நீங்கதான் அம்மாவா? டேங்க்கக் கழுவினாங்களா?” என்று கிறிஸ்டினா கேட்டாள். அதட்டலாக இல்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான்.

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரு வார்த்தை. ஜோதிலட்சுமி சரவணகுமாரைப் பார்த்தாள். அவன் கண் கெஞ்சியது, மிரட்டவும் செய்தது.

“மேடம், எனக்கு ஒண்ணும் பேசத் தெரியாது,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “இங்க எதையும் குடிக்காதீங்க. அவ்ளோதான்.”

கிறிஸ்டினா அவளையே பார்த்தாள். பிறகு மேஜைக்குப் போய்த் தனக்கு வைத்திருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். கைப்பையிலிருந்த காலி பாட்டிலில் கால்வாய்த் தண்ணீரைப் பிடித்து மூடினாள். “மேடம், அது வேணாம், அழுக்கு,” என்று சரவணகுமார் தடுக்கப் பார்த்தான். “அழுக்குன்னுதான் எடுக்கறேன் தம்பி,” என்றாள்.

பஸ் போனபிறகு ஜோதிலட்சுமி சாயங்காலம் வரைக்கும் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு கால்வாயோரம் நின்றாள். மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பும் ஆடுகள் தேங்கி நின்ற தண்ணீரில் வாய் வைத்துவிடாமல் விரட்டிக்கொண்டே இருந்தாள். திறந்துவிட்டவள் அவள்தானே.

மூன்றாம் நாள் கிறிஸ்டினா தன் போனில் எடுத்திருந்த நுரை வீடியோவை இணையத்தில் போட்டாள். கூடவே, பாட்டிலில் பிடித்த தண்ணீரில் ஆலைக் கழிவு இருக்கிறது என்ற பரிசோதனைச் சீட்டும். அது பரவிய வேகத்தைப் பார்த்து ஜோதிலட்சுமி போனை அணைத்து அரிசி டப்பாவில் போட்டுவிட்டாள். சென்னையில் கடைக்காரர்கள் சோப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று லைனில் கிசுகிசுத்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே மாற்றினார்கள். தலை நிமிர்ந்தால் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கம்பெனி அறிக்கை விட்டது. டேங்கர் டிரைவர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் செய்த தவறு. போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. நுகர்வோரின் நம்பிக்கையே எங்கள் மூச்சு. அன்றைக்கே முனுசாமியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் அவர் மனைவி தாயாரம்மாள் நாவல்கண்டிகைக்கு வந்தாள். சண்டை போடவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“உன்ன அவரு பாத்தாராம். வால்வாண்ட. ஸ்டேஷன்ல ஒர்த்தர் கிட்டயும் சொல்லல. எங்கிட்ட மட்டும் சொன்னாரு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“உள்ள வாக்கா.”

“இல்லம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அன்றைக்கு ஜோதிலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் விசாரணை வைத்திருக்கிறார்கள், தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கேள்விப்பட்டாள். அன்புராஜிடம் சொன்னபோது அவன் கத்தினான், பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துகொண்டான். “நான் வர மாட்டேன். என்ன இதுல இழுக்காத,” என்றான். ஆனாலும் புதன்கிழமை காலையில் அவளைப் பைக்கில் ஏற்றி பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு, ஷிஃப்டுக்குப் போனான்.

விசாரணை அறையில் பெரிய மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். கம்பெனி வக்கீல் ஓர் ஓரத்தில். சரவணகுமாரும் இருந்தான், தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“வால்வைத் திறந்தது யாரும்மா?”

“நான்தான் சார்.”

“எதுக்கு?”

“அது எங்க கம்பெனி கழிவு லாரி சார். செவ்வா, வெள்ளி வரும். நான் சேந்த நாள்லருந்து பாக்கறேன். டிரைவரு கான்ட்ராக்டர் சொல்லித்தான் எடுத்துக்கினு வந்தாரு. தண்ணி ஊத்தறப்பவே நான் இவரு கிட்ட சொன்னேன்.” சரவணகுமாரைக் காட்டினாள்.

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். “சொன்னாங்களா?”

அவன் முதலில் கம்பெனி வக்கீலைப் பார்த்தான். “சொன்னாங்க சார்,” என்றான் கடைசியில். அவ்வளவு சின்னக் குரலில் அவன் பேசி அவள் கேட்டதில்லை.

கையெழுத்துப் போடும்போது அவள் பெயரே அவளுக்குக் கோணலாக வந்தது.

முனுசாமி இரண்டு நாளில் வெளியே வந்தார். பின்கேட்டுக்கு சீல் வைத்தார்கள். கான்ட்ராக்டர் மேல் வழக்கு. கம்பெனி கொஞ்ச நாள் மூடிக் கிடந்து, அபராதம் கட்டி, புது உறையோடு திறந்தது. அதில் யார் முகமும் இல்லை, ஒரு தாழம்பூதான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றதும் ஜனங்கள் மறுபடி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று கிறிஸ்டினா போனில் வருத்தப்பட்டாள். அவள் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் வாங்குவதில்லையாம். ஊருக்குப் புது மோட்டார் வந்தது. பஞ்சாயத்தே பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டது. அன்புராஜை நிரந்தரமாக்கவில்லை, வெளியேயும் அனுப்பவில்லை. ஜோதிலட்சுமியின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு மசாலா கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: “முன்னாடி எங்க வேலை?”

சொன்னாள். பேனா நின்றது.

“அந்த நுரை வீடியோ… வால்வைத் திறந்தது நீங்களா?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. “ஆமாங்க,” என்றாள்.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். அரை மணி நேரம் ஜோதிலட்சுமி பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிளகாய் நெடியில் கண் கரித்தது. எழுந்து போய்விடலாம் என்று இரண்டு முறை பார்த்தாள்.

மேனேஜரே வெளியே வந்தார். வயசானவர். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“இங்க ஏதாவது தப்பாப் பட்டா, முதல்ல எங்கிட்ட வந்து சொல்லுவியாம்மா?”

அவர் கேட்டது நல்ல எண்ணத்திலா, எச்சரிக்கையாகவா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் முகத்தைப் படிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“சொல்லுவேன் சார்,” என்றாள். “நீங்க கேக்கலைன்னா, வெளியவும் சொல்லுவேன்.”

அவர் படிவத்தை எடுத்து ஒரு தடவை படித்தார். பிறகு ஜன்னல் பெண்ணிடம், “நாளைக்குக் காலை ஷிஃப்ட்டுல போடு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.